வளையாத சீட்டுக்கட்டு

அதியமான்கோட்டை,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

பூவிழி எழுதுகிறேன். நானும் அத்தையும் சுகம். சித்தேரியில் குளிர் எப்படி? கம்பளியும் இருமல் மருந்தும் பச்சியப்பன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். சாமை விற்க அவர் மலையிலிருந்து இறங்கி வரும் நாளில்தான் இனி நம் பேச்சு. போனை அணைத்தே வையுங்கள்.

முதலில் உங்கள் மேஜிக் சீட்டுகளைப் பற்றி. நீங்கள் அதைத்தான் தேடுவீர்கள்.

இங்கே விடாத மழை. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. மலைப் பனியில் கெட்டுவிடும் என்று நீங்கள் விட்டுப்போன கட்டுகளுக்கு இங்கேயும் நிம்மதி இல்லை. சொன்னபடியே செய்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கட்டுகளை அழுத்தி வைத்திருக்கும் பலகைகளைத் திறக்கிறேன். ஒவ்வொரு கட்டையும் பழைய வேட்டித் துணியால் துடைக்கிறேன். விசிறியாக விரித்து மூடுகிறேன். எந்தப் பக்கம் வளையப் பார்க்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்து விடுகிறேன். மறுபடி இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துத் திருகாணியை முடுக்குகிறேன். ரொம்ப முடுக்கினால் ஓரம் நசுங்கும், தெரியும். மாத்திரை டப்பாக்களில் கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடையிலும் இதே வேலைதான் எனக்கு. மழைக்காலத்தில் காகிதம் சுருண்டு மிஷினில் சிக்கும். ரீமைப் பிரித்து விசிறி, எதிராக வளைத்து, காற்றுப் புக விட்டுத்தான் தட்டில் வைப்பேன். அதனால்தானோ என்னவோ, உங்கள் சீட்டு என் கையில் முரண்டு பிடிப்பதில்லை. நேற்று விசிறி ஏறக்குறைய முழு வட்டமாக விரிந்தது. இடைவெளி எல்லாம் ஒரே அளவு. யாரும் பார்க்கவில்லை.

அத்தை மட்டும் பார்த்தார். "புருசனக் கவனிக்கறதுக்கு முன்னாடி சீட்டக் கவனிக்கறா, நல்ல மருமவ வாச்சா எனக்கு" என்றார். நீங்கள் பெங்களூரில் ஏதோ மாலில் ஷோ செய்வதாக நம்புகிறார். அங்கே சோறு யார் போடுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அந்தக் கவலையைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மற்றதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாமல் விட்டால் அது இன்னும் பெரிதாகிறது.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அருண்குமாரைப் பார்த்தேன். உங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், மாந்தோப்பில் சூதாட்டம் நடத்தும் அந்தத் தோப்புக்காரருக்குச் சீட்டுப் போட்டவர். கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தூக்கிக் குடித்தார். விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. அவர் ஏமாற்றிச் சீட்டுப் போட்டதை ஆட்டத்தில் தோற்றவர்கள் கண்டுபிடித்துச் செய்தது. தோப்புக்காரர் அப்போது அங்கேயேதான் இருந்தாராம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

அந்தக் கல்யாண ரிசப்ஷனில் நீங்கள் மேஜிக் செய்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து அவர் கைதட்டியதை நானும் பார்த்தேன். பெருமையாக இருந்தது எனக்கு. உங்களை மாந்தோப்புக்குக் கூப்பிட்டு, அவர் நினைத்த சீட்டு அவர் நினைத்த ஆளுக்குப் போக வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அந்தக் கைதட்டல் எதற்கென்று புரிந்தது. நீங்கள் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்ததும், விடிந்ததும் மலை ஏறியதும் சரிதான்.

சரிதான் என்று தினமும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பூவிழி


அதியமான்கோட்டை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

அவர்கள் வந்தார்கள்.

யாரும் யாரையும் அடிக்கவில்லை. இதை முதலில் படித்துவிட்டு ஒரு மூச்சு விடுங்கள். இது அவசரம் என்று பச்சியப்பன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நேற்று நல்ல பகல். தோப்புக்காரர் வரவில்லை. வண்டி ஓட்டுகிற ஆள் ஒருவன், கூட மாது என்று ஒரு பெரியவர். மாதுவுக்கு உங்கள் அப்பா வயது. கண்ணாடி. இஸ்திரி போட்ட சட்டை. குரலை உயர்த்தவே இல்லை. அத்தை வாசலிலேயே நிறுத்தி, "யாரு வூட்டுப் புள்ளைங்கப்பா நீங்க, செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்றார். கழற்றிவிட்டு வந்தார்கள். மோர் கொடுத்தார். குடித்தார்கள்.

நீங்கள் எங்கே என்று மாது கேட்டார். பெங்களூர் என்றேன். எப்போது வருவீர்கள் என்றார். தெரியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அவரு சீட்ட வுட்டுட்டாருங்க. கட்டெல்லாம் தொடாமத்தான் கிடக்குது" என்றேன். சீட்டை விட்ட மனிதர் அவர்களுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

பார்க்கலாமா என்றார் மாது. மறுத்தால் சந்தேகம் வரும். பெட்டியை எடுத்து வந்து கொடுத்தேன்.

திருகாணியைத் திருகி, மேலாக இருந்த கட்டை எடுத்தார். தரையில் வைத்தார். குனிந்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து, கட்டுக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. எடுத்து வளைத்து விட்டார். நேராக நின்றது. விரலை முகர்ந்தார். வேட்டித் துணியின் வாசம் இருந்திருக்கும்.

"மழ பேயுதும்மா. தொடாத சீட்டு இந்நேரம் முறுக்கு மாதிரி ஆயிருக்கும். இது தெனமும் ஒருத்தர் கையில இருக்குது" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், "வூட்டுக்கு வந்துட்டுப் போறாரு போல" என்றார்.

உங்கள் சீட்டுகள் கெடாமல் இருக்க வேண்டும் என்று நான் செய்ததெல்லாம் தரையில் தட்டையாகக் கிடந்தது. நீங்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

அத்தைதான் வாய் திறந்தார். "எம்மவன் எங்கப்பா வந்தான்? இவதான் தெனமும் அந்தச் சீட்டக் குளிப்பாட்டித் தொடைச்சுப் பொட்டு வெக்காத கொறையாப் பாக்கறா. மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னா காது கேக்காது" என்றார். வண்டிக்காரன் சிரித்தான். மாது சிரிக்கவில்லை. கட்டை என் பக்கம் நீட்டி, "அப்ப நீங்க விரிச்சுக் காட்டுங்கம்மா" என்றார்.

மாமா, அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். விரிக்காவிட்டால் நான் பொய் சொல்கிறேன் என்றாகும். நீங்கள் வந்துபோகிறீர்கள் என்றாகும். வாசலில் ஓர் ஆள் உட்காருவான், நீங்கள் வரும்வரை. விரித்தால். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.

விரித்தேன்.

முழு வட்டம். மூடினேன். மறுபடி விரித்தேன், அவர் கேட்காமலேயே. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த இரண்டாவது முறையில் எனக்குப் பயமே இல்லை. நன்றாக இருந்தது. பயம் பிறகுதான் வந்தது, மாதுவின் முகத்தைப் பார்த்ததும்.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். யாருமில்லை, கெடாமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்றேன். வண்டிக்காரன் பக்கம் திரும்பி, "அந்தாளு எதுக்கு? பொம்பள கையப் பாத்து ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். ஒரு மாசம் பழக்கினாப் போதும். இதே போதும்" என்றார்.

என்னை 'இது' என்றார்.

போகும்போது அத்தைக்கு வணக்கம் சொன்னார்கள். நான் தோப்புக்கு வர வேண்டிய நாளைக் குறித்துச் சொல்லி அனுப்புவார்களாம். "நல்ல மனுசங்க" என்று அத்தை டம்ளர்களைக் கழுவப் போட்டார்.

பக்கத்து வீட்டு பானுமதி அக்கா போலீசில் எழுதிக் கொடு என்கிறார். என்னவென்று எழுதுவேன்? மோர் குடித்துவிட்டுப் போனார்கள் என்றா? மோரைத் தவிர நான் காட்டக்கூடியது பெட்டி நிறையச் சீட்டுக்கட்டும் அதை அழுத்தி வைக்கும் பலகையும்தான். அதைப் பார்த்தால் யாரைச் சூதாட்டக்காரர் என்று நினைப்பார்கள்?

ஒன்று மட்டும் நிச்சயம். நீங்கள் இங்கே வருவதில்லை என்று நம்பிவிட்டார்கள். அந்த மட்டுக்கும் நல்லது.

பூவிழி


அதியமான்கோட்டை,
சனிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் துண்டுக் காகிதம் வந்தது. "நான் வர்றேன், என்னக் கூட்டிட்டுப் போகட்டும், உன்ன வுட்டுருவாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள்.

விடமாட்டார்கள். நீங்கள் வந்தால் இரண்டு பேரும் இருப்போம், அவ்வளவுதான். ஒருவர் கை போனால் இன்னொருவர் கை. தயவுசெய்து வராதீர்கள்.

எங்காவது போய்விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் போவேன். அத்தை வரமாட்டார். மாடு கன்று ஈனும் நேரம் என்பார். உண்மையும் அதுதான். அவரை விட்டுவிட்டுப் போனால் அடுத்த தடவை மோர் குடிக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்களா?

நாள் குறித்துவிட்டார்கள். அடுத்த வாரம். மாந்தோப்பில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், தோப்புக்காரர் எதிரில் நான் சீட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அப்போது விளையாட யாரும் வந்திருக்க மாட்டார்கள். அவரும் மாதுவும் மட்டும். அவருக்குப் பிடித்தால் மறுநாளிலிருந்து மாது கற்றுக்கொடுப்பார்.

எனக்கு இருக்கிற ஒரே வழி அந்த ஒரு நாள்தான். அவருக்குப் பிடிக்கக் கூடாது. விரிக்கத் தெரிந்த கை, ஆனால் போடத் தெரியாத கை, இனி எவ்வளவு சொன்னாலும் தெரியப்போவதில்லாத கை. அப்படித் தெரிய வேண்டும். இது ஆகாது என்று மாதுவே சொல்ல வேண்டும்.

அதைத்தான் காலையிலிருந்து பழகுகிறேன். வரவில்லை மாமா.

சீட்டைக் கீழே விட்டால் வேண்டுமென்றே விட்டது போலவே இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். என் கண் கையைவிட முந்திக்கொண்டு கீழே போகிறது, விழப்போவது அதற்கு முன்பே தெரிந்ததுபோல. மாதுவுக்கு அது போதும். ஏமாற்றுகிறேன் என்று தெரிந்தால் அவர் கத்தமாட்டார். அதே குரலில் யாரையோ கூப்பிடுவார். அருண்குமார் கிளாஸைத் தூக்கிய விதம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது.

தொடாமல் இருந்தால் கை மறக்குமா என்று இரண்டு நாள் பெட்டியைத் திறக்காமல் இருந்தேன். மறக்கவில்லை. பஸ் டிக்கெட்டை விரல் தானாக விசிறுகிறது.

கோடை விடுமுறையில் தர்மபுரியில் மேஜிக் வகுப்பு எடுத்தீர்களே, நினைத்துப் பாருங்கள். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் தேறாதவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சாப்பிடும்போது பேசிச் சிரிப்பீர்கள், நான் சரியாகக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், அந்தத் தேறாத கையைத்தான் நான் பழக வேண்டும். அவர்கள் கை என்ன செய்தது? எந்த விரல் முதலில் இறுகியது? சீட்டு எந்த ஓரத்தில் மாட்டியது? இரண்டு சீட்டு ஒட்டி வந்தபோது அவர்கள் எங்கே பார்த்தார்கள்? வெட்கப்பட்டார்களா, சிரித்தார்களா, உங்கள் முகத்தைப் பார்த்தார்களா? திருத்தினால் என்ன தப்பை மறுபடி செய்தார்கள்? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். எளிதாக எழுதுங்கள். எனக்கு அதிக நாள் இல்லை.

எழுதும்போது உங்களுக்குக் கோபம் வரும். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கீழ்நோக்கி நடக்கத் தோன்றும். எனக்கும் இங்கே சாயங்காலமானால் பஸ் வரும் பக்கம் போய் நிற்கத் தோன்றுகிறது. போவதில்லை. நீங்களும் உட்காருங்கள். உட்கார்ந்து எழுதுங்கள்.

அத்தைக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உங்களுக்காகக் கோயிலில் விளக்குப் போட்டார், பெங்களூர் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று. நானும் பக்கத்தில் நின்றேன். என்ன கேட்டேன் என்று எழுதமாட்டேன்.

மலையில் இருக்கும் சாமி உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். பச்சியப்பன் அண்ணனிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்புங்கள். அவர் மட்டும் இறங்கி வரட்டும்.

உங்கள்
பூவிழி