நான் சொன்ன சம்மதம்

என்னவளுக்கு,

நாளை மருத்துவமனையில் விசாரணை. எல்லோர் முன்னாலும் அந்த டாக்டரம்மாவை நீ குற்றம் சொல்வதற்குள் இதைப் படித்துவிடு. நேரில் சொல்ல நா எழவில்லை.

ஆபரேஷனுக்கு முன் நீ தெளிவாகத்தான் சொன்னாய்: "கட்டியை மட்டும் எடுங்க. கர்ப்பப்பையை எடுக்கணும்னா, நான் கண்ணு முழிச்சப்புறம் என்கிட்ட கேளுங்க." படிவத்திலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

பாதியில் டாக்டரம்மா வெளியே வந்தார். "கர்ப்பப்பையையும் எடுத்துட்டா நல்லது. அவசரமில்ல, ஆனா இப்ப விட்டா பின்னால இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். அவங்க வேண்டாம்னு எழுதியிருக்காங்களே?"

"அது முந்தி எழுதினது. காலையில மனசு மாறிட்டா, எடுக்கச் சொல்லிட்டா."

வாய் கூசாமல் சொன்னேன். இன்னொரு முறை உன்னை அந்த அறைக்குள் அனுப்ப எனக்குத் தைரியமில்லை. அதற்காக உன் வாயில் இல்லாத வார்த்தையை வைத்தேன்.

அதோடும் நிற்கவில்லை. உனக்கு மயக்கம் தெளியும் முன்பே என் அக்காவுக்குப் போன் செய்து, கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். உன் உடம்பில் நடந்தது, உனக்கு முன்னால் என் வீட்டாருக்குத் தெரியும்.

"யாருங்க சரின்னு சொன்னது?" என்று நீ கேட்கும்போதெல்லாம் உன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

நாளை நானே எழுந்து சொல்கிறேன். அப்புறம் வீட்டுக்கு வரலாமா என்று உன்னைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

உன்னைக் கேட்காமல் போன
உன் கணவன்