வதிவிடம் வோபர்ன், அஜக்ஸ் அல்ல

அனுப்புநர்:
திருமதி யோகமலர் சிவபாதம்,
இலக்கம் 907, மேற்குக் கட்டடம்,
வோபர்ன், ஸ்காபரோ, ரொறன்ரோ.

பெறுநர்:
மீள்பரிசீலனை அதிகாரி அவர்கள்,
குளிர்கால வெப்ப உதவித் திட்டம்,
நகரப் பிரிவு அலுவலகம், ரொறன்ரோ.

விடயம்: எனது குளிர்காலக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டமையும், இரு பிராந்திய அலுவலகங்கள் தந்த முரணான பதில்களும், எனது வதிவிடத்தைச் சரியாகப் பதியுமாறு கோரலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. முதலில் ஒரு தவறான கதையைத் திருத்த வேண்டியிருக்கிறது. நான் என் மகனுடன் ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள அஜக்ஸில் வசிக்கவில்லை. மேலே எழுதிய வோபர்ன் முகவரியில் இருபத்திரண்டு வருடங்களாக வசிக்கிறேன். கடந்த வருடம் மார்ச் மாதம் என் கணவர் திரு. சிவபாதம் காலமானார், அன்றிலிருந்து இங்கே தனியாக வசிக்கிறேன். எங்கள் முதியோர் சங்கத்தில் ஒருவர், நான் பின்மேசையில் இருப்பதை அறியாமல், "யோகமலர் அன்ரிக்கு அஜக்ஸில மாளிகை மாதிரி வீடு. இஞ்சை ஒரு அப்பார்ட்மென்ற்றைக் காட்டி ஹீற்றர் காசும் எடுக்கப் பாத்தவ, பிடிபட்டிட்டா" என்று சொன்னார். நான் தேநீரைக் குடித்து முடித்த பின்னரே எழும்பினேன். சங்கத்தாருக்குப் பதில் எழுத நான் விரும்பவில்லை. ஆனால் அதே கருத்து உங்கள் அலுவலகத்தின் ஆவணக் கோவையிலும் இருக்கிறது. அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியாது.

2. விண்ணப்பதாரர் தமது தாய்மொழியில் எழுதலாம் என்று உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலம் எனக்குத் தெரியும்; யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் படித்தேன். எனினும் இந்தப் பிணக்கு ஒரு தமிழ் அறிவித்தலில் தொடங்கியது என்பதால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் எதையும் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

3. நடந்தது இதுதான். குளிர்காலக் கொடுப்பனவு என் கணவரின் பெயரில் எங்கள் இருவருக்குமாக வந்துகொண்டிருந்தது. அதை என் பெயருக்கு மாற்றுமாறு 2024 செப்ரெம்பர் 16ஆம் திகதி விண்ணப்பித்தேன். மரணச் சான்றிதழ் மட்டும் போதும் என்று படிவம் சொன்னது. நான் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலையும் வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, இணைத்தேன். எங்கள் சமூகத்தில் ஒருவர் இறந்தால் பத்திரிகையிலும் இணையத்திலும் அறிவித்தல் வெளியிடுவது வழக்கம். பிறந்த ஊர், வாழும் ஊர், பிள்ளைகள், மருமக்கள், சகோதரர்கள் என்று எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கும். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேறில்லை. கேட்காத அத்தாட்சியை நானாகவே கொடுத்தேன்.

அந்த அறிவித்தல், "யாழ். சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும், கனடா அஜக்ஸை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்குகிறது. உங்கள் அலுவலகம் அதை மொழிபெயர்த்து வாசித்தது. நவம்பர் 12ஆம் திகதிய கடிதத்தில், குடும்பத்தின் வதிவிடம் அஜக்ஸ் என்பதால் எனது கோவை கிழக்குப் பிராந்தியத்துக்கு மாற்றப்பட்டது என்று அறிவித்தீர்கள்; அந்த மாதம் முதல் கொடுப்பனவும் நின்றது. மொழிபெயர்ப்பில் பிழையில்லை. பிழை அறிவித்தலில் இருந்தது. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

4. ஒஷாவாவில் உள்ள கிழக்குப் பிராந்திய அலுவலகத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லாததால் ஜனவரி 9ஆம் திகதி நேரில் போனேன். மகனுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் லீவு போட்டுக்கொண்டு வந்திருப்பான். பஸ் ஏறி, பிறகு ரயில் ஏறினேன். ரயில் அஜக்ஸில் நின்றபோது மூன்று பேர் இறங்கினார்கள், நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். ஒஷாவாவில் என்னை மரியாதையாகவே நடத்தினார்கள். வாடகை ஒப்பந்தமும் மின்சாரப் பில்லும் ரொறன்ரோ முகவரியில் இருப்பதால், நான் அவர்களுடைய பிராந்தியத்தைச் சேர்ந்தவள் அல்ல என்று எழுதித் தந்தார்கள். அந்தக் கடிதத்துடன் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கோவை இங்கே இல்லை, ஒஷாவாவில் இருக்கிறது என்றார்கள்.

ஐயா, கனடாவுக்கு வருமுன் நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். மனுக்களைப் பிரித்து, திகதி முத்திரை குத்தி, கோவையில் இட்டவள். ஒரு மனு இரண்டு கந்தோர்களுக்கு நடுவில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானும் சில மனுக்களை அப்படி விழவிட்டிருக்கிறேன். அந்த மனுக்காரர்களைப் பற்றி இந்தக் குளிரில் அடிக்கடி யோசிக்கிறேன்.

5. என் வீட்டின் ஹீற்றர் மின்சாரத்தில் இயங்குவது, கட்டணம் என்னுடையது. டிசம்பர் முதல் படுக்கை அறையைப் பூட்டிவிட்டு, கூடத்தில் ஒரு ஹீற்றரை மட்டும் போட்டுக்கொண்டு அங்கேயே படுக்கிறேன். கட்டடப் பராமரிப்பாளர் மரியோ குழாய் பார்க்க வந்தபோது இதைக் கண்டார். போய், யன்னல் இடுக்குகளை அடைக்கும் பஞ்சுப் பட்டையுடன் திரும்பி வந்தார். அவருக்குத் தேநீர் கொடுத்தேன். இரக்கத்தைக் கோருவதற்காக இதை எழுதவில்லை. கொடுப்பனவு இல்லாவிட்டால் என் ஓய்வூதியத்துக்குள் வாடகையும் மின்சாரமும் அடங்காது. இந்த வீட்டில் தொடர்ந்து இருப்பேனா என்று மார்ச் 31க்குள் கட்டட நிருவாகத்துக்கு நான் சொல்ல வேண்டும். அதனால்தான் உங்கள் பதில் எனக்கு அவசரம்.

6. உங்கள் தொலைபேசிப் பிரிவில் பணிபுரியும் ஒரு தமிழ்ப் பிள்ளை எனக்கு நல்லெண்ணத்துடன் ஒரு வழி சொன்னார். "அன்ரி, மகன் பாக்கிறேல்லை, கைவிட்டிட்டான் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. உடனே சரிவரும்." படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இருக்கிறதாம். அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய வேலையை அது பாதிக்கவும் கூடாது. ஆனால் அந்தக் கட்டத்தில் நான் அடையாளம் இடமாட்டேன். என் மகன் கீதன் ஒவ்வொரு சனிக்கிழமையும் மீனும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு வருகிறான். நாளாந்தம் பின்னேரம் ஆறு மணிக்குத் தொலைபேசி எடுக்கிறான். தனியாக வசிப்பவளை எல்லாம் கைவிடப்பட்டவள் என்று எழுதினால், உங்கள் படிவம்தான் பிழை.

அஜக்ஸ் வீட்டில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. மருமகள் நிரூபா அதற்கு நல்ல திரைச்சீலை போட்டிருக்கிறா. ஆனால் அங்கிருந்து ஒரு இறாத்தல் பாண் வாங்கவும் யாராவது கார் எடுக்க வேண்டும். இங்கே நூலகத்துக்கும் மருந்துக்கடைக்கும் நான் நடந்து போகிறேன், கதவை நானே பூட்டித் திறக்கிறேன். எழுபத்தெட்டு வயதில் இது சிறிய விடயமல்ல.

7. இனி அந்தப் பிழையைப் பற்றி. என் கணவர் இறந்த மறுநாள் அறிவித்தலின் வரைவு வந்தது. கீதன் அந்த வீட்டை வாங்கி அப்போது ஏழு மாதம். "அம்மா, எங்கடை வீட்டைப் போடுவம். தான் பெரிய வீடு வாங்கிப்போட்டுத் தாய் தேப்பனை அப்பார்ட்மென்ற்றில விட்டவன் எண்டு சனம் கதைக்கும்" என்றான். அவனுடைய கண்கள் வீங்கியிருந்தன. என் கணவர் அந்த வீட்டில் மொத்தம் நான்கு இரவுகள் தங்கியிருக்கிறார்: குடிபுகுந்த அன்று ஒன்று, பனிப்புயலால் திரும்ப முடியாமற்போன மூன்று.

வரைவைத் திருத்தியது நான். பேனா என் கையில் இருந்தது. கணவரின் பதவிப் பெயரைத் திருத்தினேன். அவருடைய தங்கையின் பெயர் விடுபட்டிருந்தது, சேர்த்தேன். பூதவுடல் பார்வைக்கு வைக்கப்படும் நேரத்தையும் திருத்தினேன். அஜக்ஸ் என்ற சொல்லைக் கண்டேன். திருத்தவில்லை. ஆறு மாதம் கழித்து, அதையே கத்தரித்து உங்களுக்கு அத்தாட்சியாகவும் அனுப்பினேன். பிள்ளையின் வெட்கத்தை மறைக்கத்தான் விட்டேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த வரியில் எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது. ஆகவே உங்கள் அலுவலகம் பிழையாக வாசித்தது என்று நான் முறையிடவில்லை. பிழையென்று தெரிந்த பின்னரும் இரண்டு அலுவலகங்கள் என் கோவையை ஆளுக்காள் தள்ளிவிட்டன என்பதே எனது முறைப்பாடு.

8. இந்த மனுவைக் கடந்த சனிக்கிழமை கீதனிடம் காட்டினேன். அவனைப் பற்றி எழுதியிருப்பதை அவன் அறியாமல் அனுப்புவது முறையல்ல. சாப்பாட்டு மேசையில் இருந்து இரண்டு தரம் வாசித்தான். பிறகு, "நீங்கள் ஒஷாவாவுக்குப் போனது எட்டாம் திகதி இல்லையம்மா, ஒன்பதாம் திகதி. அண்டைக்கு ஆறு மணிக்கு நீங்கள் போன் எடுக்கேல்லை" என்றான். திருத்தியிருக்கிறேன். அடுத்த மாதம் வெளிவரவுள்ள முதலாம் ஆண்டு நினைவஞ்சலியின் வரைவையும் அன்றே எழுதினோம். வதிவிடம் என்ற இடத்தில் வோபர்ன் என்று அவனே எழுதினான். அதன் பிரதியையும், இரு அலுவலகங்களின் கடிதங்களையும், வாடகை ஒப்பந்தத்தையும், நான்கு மின்சாரப் பில்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். இம்முறை கேட்காத அத்தாட்சி அந்த நினைவஞ்சலி ஒன்றுதான்.

9. எனவே, எனது கோவையை ஒஷாவாவிலிருந்து மீளப்பெற்று, வதிவிடத்தை வோபர்ன் என்று பதிந்து, நவம்பர் முதல் நிறுத்தப்பட்ட கொடுப்பனவை என் பெயரில் வழங்குமாறு தயவுடன் வேண்டுகிறேன். சத்தியக் கடதாசி தேவையானால் நான் கையொப்பமிடுவேன். அதை என் மகனிடம் கேட்க வேண்டாம். எந்தப் பிராந்தியமும் ஏற்காதவர்கள் என்னைப்போல் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களுடைய கோவைகளையும் யாராவது ஒருவர் தேடிப் பார்த்தால் நல்லது.

மார்ச் 31க்கு முன்னர், தொலைபேசியில் அல்லாமல் எழுத்தில், என் பெயருக்கு, வோபர்ன் முகவரிக்குப் பதில் அனுப்பவும்.

திகதி: 11 பெப்ரவரி 2025
இடம்: வோபர்ன், ரொறன்ரோ

இங்ஙனம்,
(ஒப்பம்)
யோகமலர் சிவபாதம்