சாஸரில் இருக்கும் எண்கள்

டெரன்ஸ்,

ஓவனில் ஷெப்பர்ட்ஸ் பை இருக்கிறது. முதலில் சாப்பிடு, அப்புறம் படி.

உன் மாடல் ரயில் எஞ்சினைக் கழுவிவிட்டேன். "பழசா வாங்கினப்பகூட பளபளன்னு இருந்துச்சு, நீ கைவெச்சுத்தான் அழுக்காயிருச்சு"ன்னு நேற்று நான் கத்தியதும், நீ விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாய். மனசு கேட்கவில்லை. சமாதானமாக இருக்கட்டுமே என்று வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அந்தக் கரியும் துருவும் நிஜ எஞ்சின் மாதிரி தெரிய நீயே பிரஷால் பூசிய பொடி என்று உன் மேஜைமேல் புட்டிகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

உன் அப்பா ஓட்டிய எஞ்சினின் எண்களை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தாயே, அவையும் தனித்தனியாக உரிந்து வந்துவிட்டன. வடிகட்டியில் பிடித்து சாஸரில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்று தும்மிவிடாதே.

நாலு மணிக்கு உன் ரயில் கிளப் நெவில் எஞ்சினைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக வருவார். நீயே ஏதாவது சொல்லிச் சமாளி. எனக்கு அவர் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை, அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

மேவிஸ்

பி.கு. நானே திரும்ப ஒட்டப் பார்த்தேன். எந்த எண்ணுக்குப் பின்னால் எது என்று தெரியவில்லை. நீ ஆயிரம் தடவை சொல்லியிருப்பாய். மாடிப்படியில் மாட்டியிருக்கும், உன் அப்பா தன் எஞ்சினோடு நிற்கும் படத்தைக் கழற்றிப் பார்த்தேன். அவர் சரியாக அந்த எண்ணின் மேல் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார்.