வெள்ளணுக் கணக்கு

ஜூன் 9, திங்கள்

கருப்பட்டி, உங்கள் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. நீங்கள் இருந்தவரை, கட்டின புருஷனாச்சே என்று, இந்தப் பெயரை மனசுக்குள்தான் கூப்பிட்டேன். இனி யார் கேட்கப் போகிறார்கள்?

வந்தவர்கள் எல்லாரும் உங்கள் அண்ணன் இசக்கித்துரை அத்தானைத்தான் மெச்சினார்கள். தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்து உடம்பைக் கருக்காமல், தம்பியை வீட்டிலேயே நிம்மதியாகப் போகவிட்டாராம். நிம்மதி. ஒரு மடக்குத் தண்ணீர் இறங்காமல் நீங்கள் சுவரைப் பிறாண்டியதை அவர்கள் பார்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

உங்கள் தறியில் வேறு ஆள். சேலை நன்றாக வருகிறதாம்.

ஜூன் 20, வெள்ளி

அந்த நாளையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். கரண்டு வைக்கத் திருநெல்வேலி டாக்டர் தேதி குறித்திருந்தார். அதற்கு எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை அத்தான் வாங்கிக்கொண்டார். செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறார் - வெள்ளை அணுவில் இரண்டு வகையாம், ஒன்றை மற்றதால் வகுத்து ஐந்துக்கு மேல் வந்தால் தொண்டைப் புற்றுக்காரன் தேறமாட்டானாம். தறிப் பாவுக்கு நூல் கணக்குப் போடுகிற கால்குலேட்டரில் வகுத்தார். ஆறு வந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இது அறுந்து அறுந்து ஓடுத பாவு. தறிய விட்டு இறக்கிர வேண்டியதுதான்" என்றார். குறித்த தேதிக்கு உங்களைக் கூட்டிப்போகவில்லை.

நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்குக் குரல்தான் போயிருந்தது. காது போகவில்லையே.

ஜூலை 3, வியாழன்

காய்ச்சல். ஒரு பக்கத் தாடை வீங்கிக் கஞ்சி குடிக்க முடியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நம் ஊர் டாக்டரம்மா ரத்தம் பார்க்கச் சொன்னார். லேபில் நஸ்ரின் பானு எடுத்துக் கொடுத்தாள். சீட்டில் அதே இரண்டு வகை - எண்பத்து நாலு, பத்து. அத்தானிடம் காட்டினேன். வகுத்தார். எட்டைத் தாண்டிவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டினார்.

அவர் பெண்டாட்டி சண்முகசுந்தரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ஏட்டி, ஒனக்குமா? காதுல கெடக்க கம்மல ஒங்கண்ணன் வீட்டுல கொடுத்துராத. இது நம்ம வீட்டுப் பொருளு."

அத்தான் தட்டை இழுத்துப்போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஜூலை 5, சனி

சாகப்போகிறேன் என்றுதான் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். உங்களிடம்தானே வருகிறேன் என்று ஒரு சந்தோஷம்கூட.

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். கடவாய்ப் பல்லில் சீழாம். அஞ்சு நாள் மாத்திரை, சரியாகிவிடுமாம். எட்டைச் சொன்னேன். சீழோ காய்ச்சலோ இருந்தால் யாருக்கும் ஏறும், ஆறினால் இறங்கிவிடும் என்றார். புற்றுக்காரர்களுக்கு அது ஒரு குறிப்புத்தான், அதை மட்டும் பார்த்து வைத்தியத்தை நிறுத்தமாட்டார்களாம்.

உங்கள் ஆறைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"கரண்டு வைக்க முன்னால கெட்ட பல்லப் பிடுங்குவாங்களேம்மா. அவருக்குப் பிடுங்கினாங்களா?"

பிடுங்கினார்கள். அதற்கு மறுநாள்தான் ரத்தம் எடுத்தார்கள். அந்தப் புண்ணுக்கே கணக்கு ஏறியிருக்கலாம் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வீக்கம் வடிந்துவிட்டது. சோறு இறங்குகிறது. எனக்கு மட்டும் இறங்குகிறதே என்று இருக்கிறது.

தறிக்கூடத்துக்குப் போய் அத்தானிடம் எல்லாம் சொன்னேன். அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டார்.

"செத்தவன் கணக்க இப்ப எதுக்குப் பிரிக்க? நீ பொழச்சிக்கிட்டேல்லா" என்றார். சுவிட்சைப் போட்டார். தறிச் சத்தத்தில் அதற்குமேல் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அவர் கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க கருப்பட்டி. ரத்தம் எடுத்த அன்னைக்கு ஒங்களுக்கு ஈறு வலிச்சுதா?