கேப்சூலின் தோல்

2 ஜனவரி 1991, புதன்
கம்பெனியில் இன்று எல்லாருக்கும் மருத்துவ அட்டை கொடுத்தார்கள். கிளினிக்கில் காட்டினால் போதும், மருந்துக்கு இன்சூரன்ஸ் பணம் கட்டும். இத்தனை நாள் என் வயிற்றுப்புண்ணுக்குக் கடையில் விற்கும் வெள்ளைத் தண்ணீர் மருந்துதான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து வீடு வரும்வரை பஸ்ஸில் அந்த அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை!

5 ஜனவரி
டாக்டர் கேப்சூல் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால், முன்பு கிளினிக்கில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு நல்லம்மா அக்கா குண்டைத் தூக்கிப் போட்டார். அதன் மேல்தோலை மாட்டெலும்பிலிருந்து செய்வார்களாம். நானோ தைப்பூச விரதத்தில் இருக்கிறேன். குழந்தை பிறந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். மகள் பிறந்து, நடக்கவும் தொடங்கிவிட்டாள். முட்டைகூடத் தொடாத வாயில் மாட்டெலும்பா?

என் வீட்டுக்காரர் சிரித்தார். "மருந்துதானே, முழுங்கிடு லா. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு. நான் கோவிச்சுக்குவேன்!"

7 ஜனவரி
திரும்பக் கிளினிக்குக்குப் போனேன். மாத்திரையும் இருக்கிறதாம், அதுவும் கேட்குமாம். ஆனால் இன்சூரன்ஸ் கேப்சூலுக்கு மட்டும்தான். மாத்திரையின் விலையைக் கேட்டேன். அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

11 ஜனவரி
எரிகிறது. வேலையில் சிப்பைச் சோதிக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் நெஞ்சுவரை ஏறுகிறது. இந்த வயிற்றோடு மலைக்கோயிலின் அத்தனை படியும் எப்படி ஏறுவேன்? குடத்தோடு விழுந்துவிட்டால்? — பயமாக இருக்கு. நெசமாவே பயமா இருக்கு.

15 ஜனவரி
இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இன்சூரன்ஸிலிருந்து ஒரு பெண் கேண்டீனுக்கு வந்து, எல்லாருக்கும் திருப்திதானா என்று கேட்டாள். "ஓகே லா, ஓகே லா" என்று எல்லாரும் சோற்றில் கண்ணாக இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "கேப்சூலுக்கு மேல இருக்கற தோல் எதுல செஞ்சது, மிஸ்?" என்றேன்.

அவள் கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். பக்கத்தில் இருந்த நோர்மா கரண்டியைக் கீழே போட்டாள். என் லைனில் வேலை செய்கிறவள். "அலாமாக்! அது பன்றியா மாடா என்று தெரியாமல்தான் நான் பொடியைக் கொட்டித் தேநீரில் கலந்து குடிக்கிறேன். கசப்பு தாங்கவில்லை!" என்று மலாயில் கத்தினாள்.

பிறகு கேட்க வேண்டுமா? இந்த மேசையில் மாடு ஆகாதவர்கள், அந்த மேசையில் பன்றி ஆகாதவர்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பாவம், அந்தப் பெண் சாப்பிடாமலே போனாள்.

22 ஜனவரி
கேண்டீனில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்: கேப்சூல் வேண்டாதவர்களுக்கு மாத்திரை. அதற்கும் இன்சூரன்ஸ் பணம் கட்டும்! வட்டமான, அழகான மாத்திரை.

26 ஜனவரி
எரிச்சல் குறைந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. கண் பட்டுவிடும்.

31 ஜனவரி
நேற்று தைப்பூசம். ஏறிவிட்டேன். ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை. மேலே போய் நின்றதும் அழுதேன். வலியால் இல்லை.

3 பிப்ரவரி
விரதம் முடிந்ததைக் கேட்டு நோர்மா வீட்டுக்கே வந்தாள், கையில் ஒரு சட்டி கோழி ரெண்டாங், தேங்காய்ப்பாலில் வற்ற வைத்த கறி. "இதில் என்னென்ன போட்டிருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நல்ல காரம். எரியப்போகிறதே என்று அவர் என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.