மூன்றாம் தொகுதியில் ஒரு முட்டை

1867, பிப்ரவரி 4

விடாத மழை. வாடகை நூலகத்திலிருந்து அப்பா ஒரு நாவலின் முதல் தொகுதியைக் கொண்டு வந்தார். அட்டையைப் பார்த்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். ஆம்ப்ரோஸ் கேல் எழுதியது. அதாவது, அந்த ஆண் பெயரில் நான் எழுதியது. பாதிரியார் வீட்டுப் பெண் சொந்தப் பெயரில் நாவல் எழுதினால் ஊர் சும்மா இருக்குமா? அப்பாவுக்கே தெரியாது. சமையற்கார ஹெப்சிபாவுக்கு மட்டும் தெரியும்; மை படிந்த என் கைக்குட்டைகளைத் துவைப்பவள் அவள்தானே.

பிப்ரவரி 7

தேநீருக்குப் பிறகு அப்பா உரக்க வாசித்தார். கதையில் வரும் பாதிரியார் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்கிற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"லெட்டி, இது யாருன்னு தெரியுதா? நம்ம பக்கத்து ஊரு பிளென்கார்ன் பாதிரியார்! அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்!"

"அப்படியாப்பா?" என்றேன்.

அப்பாடா! அவரைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நிம்மதியில் இன்னொரு துண்டு கேக்கும் தின்றேன்.

பிப்ரவரி 15

இரண்டாம் தொகுதியும் முடிந்தது. நூலகம் ஒரு நேரத்தில் ஒரு தொகுதிதான் தரும். மூன்றாவது இப்போது விதவை திருமதி ஆர்மராட்டிடம். மெதுவாகவே படிக்கட்டும்.

மூன்றாவதில்தான் முட்டை இருக்கிறது. மூன்று தொகுதி இல்லாவிட்டால் நூலகங்கள் வாங்காது என்று பதிப்பாளர் நெருக்கினார். கதையோ தீர்ந்துவிட்டது. அவசரத்தில் எங்கள் காலை உணவு மேசையை அப்படியே தூக்கி வைத்துவிட்டேன். அப்பா தன் அவித்த முட்டையின் தலையைச் சீவி எனக்குத் தருவார், மீதி அவருக்கு. நான் குழந்தையாக இருந்தபோது தொடங்கிய செல்லம். இப்போது எனக்கு முப்பத்தாறு. கதையில் வரும் பாதிரியாரின் மகள், "எனக்கும் ஒரு முழு முட்டை வேணும்" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டே போய்விடுகிறாள்.

இதைப் பிளென்கார்ன் தலையில் கட்ட முடியாது. அவருக்குப் பிள்ளைகளே இல்லை. என்ன காரியம் செஞ்சேன்? அப்பா மனசு உடைஞ்சு போயிடுமே —

பிப்ரவரி 16

ஹெப்சிபாவிடம் புலம்பினேன்.

"ஆர்மராட் அம்மா வீட்டுக்குப் போயி அந்தப் பொஸ்தகத்த அடுப்புல போட்டுட்டு வரட்டா சின்னம்மா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிப்ரவரி 23

திருமதி ஆர்மராட் மூன்றாம் தொகுதியைத் தானே கொண்டு வந்து கொடுத்தார். "முடிவு பிரமாதம் பாதிரியாரே! அந்தப் பொண்ணு செஞ்சது ரொம்ப சரி."

பிப்ரவரி 25

முட்டை வந்தது. சத்தமாகப் படித்துக்கொண்டு வந்த அப்பா நிறுத்தினார். பிறகு தனக்குள் படித்தார். தைத்துக்கொண்டிருந்த நான் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன்.

"தொண்டை கட்டிக்கிச்சும்மா. மீதிய நானே படிச்சுக்கறேன்."

பிளென்கார்ன் பெயரை எடுக்கவே இல்லை. போச்சு. திட்டினால்கூடப் பரவாயில்லை. பேசாமல் இருந்துவிட்டால்? அதை என்னால தாங்க முடியாது.

பிப்ரவரி 26

காலையில் என் இடத்திலும் ஒரு முட்டைக் கிண்ணம். அதில் முழு முட்டை. ஹெப்சிபாவைப் பார்த்தேன். "ஐயாதான் சொன்னாரு," என்று கிசுகிசுத்தாள்.

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"ஆறிடப் போகுது, சாப்பிடு." கொஞ்சம் கழித்து, "அந்தக் கேல் நல்லாத்தான் எழுதறான். ஆனா முக்கால் மணி நேரப் பிரசங்கம்னு போட்டது அநியாயம். அரை மணிக்கு மேல நான் பேசினதே இல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் முட்டையின் தலையைச் சீவி அவர் தட்டில் வைத்தேன். உப்பைத் தூவிக்கொண்டு தின்றார்.