கருவாட்டுப் பெட்டியும் ஏலக்காய் மூட்டையும்

மதினி,

இன்று காலை உன் மகள் வந்து என் அடுப்படியில் ஓர் ஓலைப்பெட்டியை வைத்தாள். திறக்குமுன்பே நெத்திலிக் கருவாடு என்று மூக்கு சொல்லிவிட்டது. எழுந்துபோய் ஏலக்காய் டப்பாவைப் பரணில் ஏற்றினேன். உன்னிடம் பட்டது போதாதா?

இராமநாதபுரம் பக்கம் லோடு ஏற்றிப் போன அண்ணன் உன்னைக் கட்டிக்கொண்டு வரும்வரை, ஆத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கும் இடம் என்னுடையது. நான் பேசினால், "வாய மூடிட்டு சோலியப் பாருடி" என்பாள். நீ பேசினால் மட்டும் காய் பொறுக்கும் கை நின்றுவிடும். "ம்... அப்பறம்?"

நீயும் விடவில்லை. கடலுக்குப் பத்தடி தள்ளி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுமாம். ஊரே சேர்ந்து கரைவலை இழுக்குமாம். படுக்கையில் கிடக்கிற கிழவிக்கும் ஒரு பங்கு மீன் உண்டாம். புயலில் ஊர் மூழ்கியதும், மிஞ்சியவர்கள் மேட்டில் புது ஊர் கட்டினார்களாம். போடியைத் தாண்டாத ஆத்தா உன் ஊரில் குடியிருந்தாள். நான் முறத்தைப் பார்த்துக் குனிந்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

ஒருநாள் பிறந்த வீட்டுக் கருவாட்டை ஏலக்காய் மூட்டையோடு சேர்த்து வைத்தாய். எங்கள் ஊரில் கைப்பிள்ளைகூடச் செய்யாத காரியம். வாசம் ஏறிய மூட்டையைக் கமிசன் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். இன்றைக்கு நீ தொலைந்தாய் என்று காத்திருந்தேன். ஆத்தா ஒரு காயை முகர்ந்துவிட்டுச் சிரித்தாள்.

"கடலு மலையேறி வந்துருச்சேடி!"

ஒரு பிடி காயைச் சிந்தியதற்கு என்னை முறத்தால் அடித்தவள் அவள். இன்றும் ஆறவில்லை.

ஆத்தா சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நீயும் நானும் மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தோம். கலியாணத்துக்கு முந்தின நாள் தண்ணீர் வற்றிய நேரத்தில், மூழ்கிப்போன பழைய ஊருக்கு நடந்து போனதாகச் சொன்னாய். நீ பிறந்த வீட்டின் வாசற்படி மட்டும் மணலுக்கு மேலே தெரிந்ததாம். கணுக்கால் தண்ணீரில் அதன்மேல் உட்கார்ந்திருந்தாயாம்.

"இத அத்தைகிட்டகூடச் சொல்லல புள்ள."

நீ போய்ச் சேர்ந்தபின் அவள் வேறு யாரிடம் கேட்பாள்? இன்று உன் மகள் என்னிடம் கேட்டாள்: "அத்தே, எங்கம்மா ஊரு எப்பிடி இருந்துச்சு? ஒங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்."

ஊற்றைச் சொன்னேன், கரைவலையைச் சொன்னேன், புயலைச் சொன்னேன். "இன்னும் எதாச்சும் இருக்கா அத்தே?" என்றாள்.

"அம்புட்டுத்தேன்" என்றேன்.

உன்னைப் பெற்றவர்களுக்கு, கட்டியவனுக்கு, பிள்ளைக்கு, என் ஆத்தாவுக்கும்கூட நீ பங்கு பங்காகக் கிடைத்தாய். அந்த வாசற்படி என் ஒருத்திக்கு நீ கொடுத்தது. அதை யாருக்கும் தரமாட்டேன்.